பவர் ஆட்டோமேட்: யாரும் திறக்காத செட்டிங்ஸ் பக்கத்துக்காக ஒரு விமர்சனம்

ஒரே வரிசை எண் இரண்டு பில்களுக்கு விழுந்த அன்றைக்குத்தான் பவர் ஆட்டோமேட்டின் செட்டிங்ஸ் பக்கத்தை முழுசாகத் திறந்து பார்த்தேன். அலுவலக வேலைகளைப் படிப்படியாகத் தானே செய்யும் மைக்ரோசாஃப்டின் கருவி இது; அப்படி அடுக்கிய படிகளின் தொடருக்கு ஃப்ளோ என்று பெயர். அதற்கு முன்னால் எட்டு மாதம் என் பில் ஃப்ளோவை ஓட்டியிருக்கிறேன். ஒவ்வொரு படிக்குள்ளும் அப்படி ஒரு பக்கம் இருப்பது தெரியும். அதில் எனக்கு வேலை இருக்கும் என்று நினைக்கவில்லை.

நான் புரோகிராமர் இல்லை. கணக்குப் பிரிவில் 16 வருடமாக சப்ளையர் பில் பார்க்கிறேன். பில் வரும், எண் போடுவோம், பர்ச்சேஸ் ஆர்டரோடு ஒப்பிடுவோம், பிரிவுத் தலைவரிடம் ஒப்புதல் வாங்குவோம், கணக்கு மென்பொருளில் ஏற்றுவோம். இந்த வேலையைத்தான் ஃப்ளோவாகக் கட்டினேன். நான் கற்றுக்கொள்ளத் தொடங்கியபோது இதன் பெயர் மைக்ரோசாஃப்ட் ஃப்ளோ. 2019இல் பவர் ஆட்டோமேட் ஆனது. பெட்டி பெட்டியாக அடுக்கி ஒரு ஃப்ளோவைக் கட்டுவது எவ்வளவு சுலபம் என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். கட்டி முடித்த பிறகு, நிஜ வேலையின் எடையை அது தாங்குகிறதா என்பதைப் பற்றி எழுத ஆசைப்படுகிறேன். தாங்குகிறது. ஆனால் அதற்குத் தேவையானதெல்லாம் செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்கிறது. அங்கே டிஃபால்டாகக் கிடப்பவை எல்லாருக்கும் பொதுவாக யாரோ போட்ட அளவுகள். நம் அலுவலகத்தின் வேலை எப்படி நடக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது.

வரிசை எண் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஷேர்பாயின்ட் லிஸ்டில் (மைக்ரோசாஃப்டின் இணையவழிப் பட்டியல்) புது வரி விழுந்தால் ஃப்ளோ கிளம்பும். இன்னொரு லிஸ்டில் இருக்கும் கடைசி எண்ணைப் படிக்கும், ஒன்றைக் கூட்டும், பில்லில் எழுதும், லிஸ்டையும் புதுப்பிக்கும். நாளைக்கு ஏழெட்டு பில் வந்தவரை ஒரு குறையும் இல்லை. மாதக் கடைசியில் ஸ்டோர்ஸில் இருக்கும் தம்பி 14 பில்களை ஒரே மூச்சில் ஏற்றினான். ட்ரிகர், அதாவது ஃப்ளோவைக் கிளப்பும் முதல் படி, அவற்றை மொத்தமாக வாரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரன் (ஃப்ளோவின் ஓர் ஓட்டம்) வீதம் ஒரே சமயத்தில் கிளப்பிவிட்டது. இரண்டு ரன்கள் ஒரே நொடியில் கடைசி எண்ணைப் படித்தன. இரண்டும் ஒன்றைக் கூட்டின. இரண்டு பில்லுக்கும் ஒரே எண். “அக்கா, ரெண்டு பேப்பர்லயும் 412ன்னு இருக்கு, எதை ஃபைல்ல வைக்கறது?” என்று அவன் வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

லிஸ்ட் தானாகவே ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஐடி கொடுக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எங்கள் எண் ஒவ்வொரு நிதியாண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும், நடுவில் விடுபடவும் கூடாது. அதனால் ஐடி உதவாது.

மருந்து ட்ரிகரின் செட்டிங்ஸில் இருந்தது: கன்கரன்சி கன்ட்ரோல். இதைத் தொடாமல் விட்டால் எத்தனை ரன் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் ஓடலாம். ஆன் செய்தால் 1 முதல் 100 வரை ஓர் அளவு வைக்கலாம். முதலில் 25இல் நிற்கும். நான் 1 வைத்தேன். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. இனி இரட்டை எண் வராது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மதியம் வரை ஒரே ஒரு பில்தான் நகர்ந்திருந்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. எண் போடுவதும் ஒப்புதலுக்குக் காத்திருப்பதும் ஒரே ஃப்ளோவில் இருந்தன. பிரிவுத் தலைவர் ஒரு பில்லுக்கு ஒப்புதல் தரும் வரை அந்த ரன் முடியாது. அது முடியாமல் அடுத்தது தொடங்காது. அவர் வெளியூரில் இருந்தார். ஒரு கையெழுத்துக்காக மீதி பில்கள் அத்தனையும் வாசலில் நின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ட்ரிகரில் கன்கரன்சியை ஆன் செய்துவிட்டால் திரும்ப ஆஃப் செய்ய முடியாது. எண்ணை ஏற்றலாம், இறக்கலாம். பழைய நிலைக்கே போக வேண்டுமென்றால் ட்ரிகரை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். ஆன் செய்யும்போது அந்த எச்சரிக்கை திரையிலேயே வருகிறது. நான்தான் படிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன். ட்ரிகரை நீக்கினால் அதை நம்பியிருந்த பின்படிகள் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும், ஒரு முழு சாயங்காலம் அதில் போனது.

கடைசியில் ஃப்ளோவை இரண்டாகப் பிரித்தேன். முதல் ஃப்ளோ எண் மட்டும் போடும், கன்கரன்சி 1, சில நொடிகளில் முடியும். இரண்டாவது ஃப்ளோ, எண் விழுந்த பில்லை எடுத்துக்கொண்டு ஒப்புதலுக்குப் போகும். அதற்குக் கட்டுப்பாடு கிடையாது, எத்தனை வேண்டுமானாலும் ஒன்றாகக் காத்திருக்கலாம். பொதுவான எதை நம்பியாவது ஓடும் வேலையையும், ஆளுக்காகக் காத்திருக்கும் வேலையையும் ஒரே ஃப்ளோவில் வைக்காதீர்கள் என்று இப்போது என்னிடம் கேட்பவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

பிரித்ததில் வேறொரு சிக்கல் கிளம்பியது. இரண்டாவது ஃப்ளோ ‘வரி உருவானாலோ மாறினாலோ’ கிளம்பும் வகை. அது அதே வரியில் நிலையை மாற்றி எழுதும். எழுதியதும் வரி மாறிவிட்டது என்று மறுபடி கிளம்பும். தன் வாலைத் தானே துரத்தும். இதற்கு ட்ரிகர் கண்டிஷன் இருக்கிறது: நிலை ‘எண் இடப்பட்டது’ என்று இருந்தால் மட்டும் கிளம்பு என்று ஒரு வரி. பல வரிகள் எழுதினால் எல்லாமே உண்மையாக இருந்தால்தான் ஃப்ளோ கிளம்பும். உள்ளே வந்த பிறகு ஒரு கண்டிஷன் பெட்டி வைத்து நிறுத்துவதைவிட இது நல்லது, தேவையில்லாத ரன்கள் பிறப்பதே இல்லை. ஆனால் பிறக்காத ரன்னுக்கு ரன் ஹிஸ்டரியிலும் (நடந்த ரன்களின் பதிவு) தடயம் இருக்காது. நிபந்தனையில் ஓர் எழுத்து தவறினால் ஃப்ளோ அமைதியாக இருக்கும், ஏன் என்று எங்கேயும் சொல்லாது. அதனால் நிபந்தனையை முதலில் ஃப்ளோவுக்குள் ஒரு கம்போஸ் படியில் (ஒரு கணக்கின் விடையைக் காட்டும் படி) போட்டு, உண்மை பொய் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ட்ரிகருக்கு எடுத்துப் போகிறேன்.

அடுத்தது காலக்கெடு. எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு ரன் அதிகபட்சம் 30 நாள் உயிரோடு இருக்கும். ஒப்புதல் படியில் நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் அந்த 30 நாளும் அது பொறுமையாகக் காத்திருந்து, பிறகு செத்துப்போகும். எந்த சப்ளையரும் அதுவரை பொறுக்க மாட்டார். ஒப்புதல் படியின் செட்டிங்ஸில் டைம் அவுட் என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் எழுதும் முறை முதலில் மிரட்டும்: ‘P5D’ என்றால் ஐந்து நாள், ‘PT4H’ என்றால் நான்கு மணி நேரம். ஐஎஸ்ஓ 8601 என்ற தரநிலையின் முறை அது. நாளும் அதற்கு மேற்பட்டவையும் ‘P’க்குப் பின்னால், மணி நிமிடமெல்லாம் ‘T’ என்ற எழுத்துக்குப் பின்னால். ‘M’ என்ற எழுத்து மட்டும் இரண்டு இடத்திலும் வரும்: ‘P1M’ ஒரு மாதம், ‘PT1M’ ஒரு நிமிடம். ஐந்து நிமிடத்துக்குப் பதில் ஐந்து மாதம் எழுதி, சேமிக்கும் முன் கவனித்து அழித்தேன். அன்றிலிருந்து அந்தப் பெட்டியில் எழுதுவதை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கிறேன்.

விடுமுறை நாட்களை இந்தக் கணக்கு அறியாது. வேலை நாள் மூன்று வேண்டுமென்றால் நான் ஐந்து நாள் கொடுக்கிறேன்.

காலக்கெடு முடிந்ததும் என்ன நடக்க வேண்டும் என்பதை ‘ரன் ஆஃப்டர்’ முடிவு செய்கிறது. ஒவ்வொரு படிக்கும் முன்படியின் நான்கு முடிவுகளில் எது வந்தால் ஓட வேண்டும் என்று டிக் செய்யலாம்: வெற்றி, தோல்வி, தவிர்க்கப்பட்டது, நேரம் கடந்தது. இயல்பாக வெற்றி மட்டும் டிக் ஆகியிருக்கும். நான் ஒப்புதல் படியிலிருந்து இரண்டு கிளை பிரித்தேன். வெற்றி என்றால் வழக்கமான பாதை. நேரம் கடந்தது என்றால் துணைத் தலைவருக்குப் புது ஒப்புதல் வேண்டுகோள், கூடவே பிரிவுத் தலைவருக்கு ஒரு தகவல். இதைப் போட்ட பிறகு மேசையில் தேங்கும் பில் என்று ஒன்று இல்லை. முன்பெல்லாம் வாரத்துக்கு இரண்டு முறை நான் மாடி ஏறிப் போய், “சார், அந்த பில்…” என்று நிற்பேன். அந்த நிற்பு போனதற்காகவே இந்தக் கருவிக்கு நன்றி சொல்வேன்.

ஒரு குறை இருக்கிறது. படி நேரம் கடந்து போனாலும், தலைவரின் ஒப்புதல் பட்டியலில் பழைய வேண்டுகோள் அப்படியே கிடக்கும். அவர் பத்து நாள் கழித்து ‘அப்ரூவ்’ அழுத்தலாம். அழுத்தியது பதிவாகும், ஆனால் அதைக் கேட்க ஃப்ளோ அங்கே இருக்காது. தகவல் மெயிலில் “பழைய வேண்டுகோளைத் தொட வேண்டாம்” என்று எழுதித்தான் சமாளிக்கிறேன்.

ரன் ஆஃப்டரை வைத்துத்தான் பிழை பிடிக்கும் வலையும் கட்ட முடியும். முக்கியமான படிகளை எல்லாம் ஒரு ஸ்கோப் பெட்டிக்குள் (பல படிகளை ஒன்றாகச் சேர்க்கும் பெட்டி) போடுங்கள். அதற்குக் கீழே இன்னொரு ஸ்கோப். அது மேலே உள்ளது தோற்றாலோ நேரம் கடந்தாலோ மட்டும் ஓடும். அதற்குள் எனக்கு மெயில். இதுவரை எல்லாரும் சொல்வார்கள். இரண்டு நுணுக்கம் நான் பட்டுத் தெரிந்துகொண்டவை. ஒன்று, பிழை ஸ்கோப் ஒழுங்காக வேலை செய்து மெயில் அனுப்பிவிட்டால், ரன் ஹிஸ்டரியில் அந்த ரன் பச்சை நிறத்தில் ‘வெற்றி’ என்று நிற்கும். பில் ஏறவில்லை, ஆனால் வெற்றி. அதனால் மெயிலுக்குப் பின்னால் ரன்னை அங்கேயே முடிக்கும் டெர்மினேட் படி ஒன்று வைத்து, நிலையை ‘ஃபெயில்டு’ என்று குறிக்க வேண்டும். இரண்டு, பிழை ஸ்கோப்புக்குக் கீழே இன்னும் படிகள் இருந்தால் அவை, எல்லாம் நன்றாகப் போன நாளில் ஓடாது. ஏனென்றால் நல்ல நாளில் பிழை ஸ்கோப் தவிர்க்கப்பட்டிருக்கும். அங்கே ‘தவிர்க்கப்பட்டது’ என்பதையும் டிக் செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் இதே வகையைச் சேர்ந்த இன்னொரு கருவியான என்8என் (n8n) எனக்கு மேலாகத் தோன்றுகிறது. அதில் பிழைக்கென்று தனியே ஒரு ஒர்க்ஃப்ளோ எழுதி வைத்து, மற்ற ஒர்க்ஃப்ளோக்களின் செட்டிங்ஸில் அதைக் காட்டிவிட்டால் போதும். பவர் ஆட்டோமேட்டில் ஒவ்வொரு ஃப்ளோவிலும் இந்த ஸ்கோப் ஜோடியைத் திரும்பத் திரும்பக் கட்டுகிறேன்.

இனி, தயவுசெய்து எல்லாரும் பார்க்க வேண்டிய ஒன்று: ரீட்ரை பாலிசி. வெளி மென்பொருளைக் கூப்பிடும் படி தோற்றால் பவர் ஆட்டோமேட் தானாகவே மறுபடி முயலும். 408, 429, 500 முதலான பிழை எண்களில் பதில் வந்தால் இது நடக்கும். தகவலைப் படிக்கும் படிகளுக்கு இது வரம். 429 என்றால் ‘ரொம்ப வேகமாகக் கேட்கிறாய், கொஞ்சம் பொறு’ என்று அர்த்தம். பொறுத்துக் கேட்டால் கிடைத்துவிடும். ஆனால் எழுதும் படிகளில் இதே குணம் ஆபத்து. எங்கள் கணக்கு மென்பொருள் ஒரு நாள் மந்தமாக இருந்தது. வவுச்சரை (பில்லுக்கான கணக்குப் பதிவு) வாங்கிக்கொண்டது, பதில் சொல்லத் தாமதித்தது. வெளியே போகும் கோரிக்கை ஒன்று 120 நொடிக்குள் பதில் பெற வேண்டும். பதில் வராததால் ஃப்ளோ மறுபடி அனுப்பியது. ஒரே பில்லுக்கு இரண்டு வவுச்சர். பணம் போகும் முன் பிடித்தோம், பிடித்திருக்காவிட்டால் சப்ளையருக்கு இரட்டிப்பாகப் போயிருக்கும். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது வவுச்சர் ஏற்றும் படியில் ரீட்ரை ‘நன்’, அதாவது தானாக மறுமுயற்சி கிடையாது. தோற்றால் உடனே மறுபடி அனுப்பாமல், அந்த பில் எண்ணில் வவுச்சர் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் தேடும் படி ஒன்று. இல்லை என்று உறுதியானால் மட்டும் மறுமுயற்சி. படிக்கும் படிகளில் ‘எக்ஸ்பொனென்ஷியல்’ வைத்திருக்கிறேன்: ஒவ்வொரு முயற்சிக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும், திணறும் மென்பொருளுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

எண்ணிக்கை வரம்புகளையும் பாருங்கள், இவை சத்தமில்லாமல் கடிக்கும். ஷேர்பாயின்டிலிருந்து வரிகளை எடுக்கும் படி, சொல்லாவிட்டால் 100 வரிதான் கொண்டுவரும். எக்ஸெல் அட்டவணையிலிருந்து எடுக்கும் படி 256. பிழைச் செய்தி எதுவும் வராது, மீதி வரிகள் இல்லாதது போலவே ஓடும். நிலுவை அறிக்கை மூன்று மாதம் தொடர்ந்து சரியாக 100 பில் காட்டியபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. செட்டிங்ஸில் பேஜினேஷனை (மீதி வரிகளையும் பகுதி பகுதியாக எடுக்கும் வசதி) ஆன் செய்து எத்தனை வரி வேண்டும் என்று எழுதினால் தீர்ந்தது; லைசென்ஸைப் பொறுத்து 5,000 அல்லது 1,00,000 வரை போகலாம்.

பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் அதே படிகளைத் திரும்பச் செய்யும் அப்ளை டு ஈச் சுழலுக்கும் கன்கரன்சி உண்டு, 50 வரை. இயல்பாக ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். வேகத்துக்காக ஆன் செய்தேன், மொத்தத் தொகை ஒவ்வொரு ரன்னிலும் ஒவ்வொரு மாதிரி வந்தது. சுழலுக்குள் ஒரு வேரியபிளில் (மதிப்பைப் போட்டு வைக்கும் இடம்) கூட்டிக்கொண்டே போனால், பல கைகள் ஒரே கல்லாவில் நுழைந்த கதைதான். மெயில் அனுப்புவது மாதிரி ஒன்றையொன்று சாராத வேலைக்கு மட்டும் ஆன் செய்யுங்கள். நிபந்தனை நிறைவேறும் வரை திரும்ப ஓடும் டூ அன்டில் சுழலுக்கு 60 முறை அல்லது ஒரு மணி நேரம் என்ற எல்லை ஏற்கெனவே இருக்கும். சுழல் முடிந்ததும் நிபந்தனை உண்மையிலேயே நிறைவேறியதா என்று ஒரு கண்டிஷன் வைத்துப் பார்ப்பது என் வழக்கம்.

செக்யூர் இன்புட்ஸ், செக்யூர் அவுட்புட்ஸ் என்ற இரண்டு சுவிட்சுகளை நான் அறியாமல் இருந்ததுதான் இன்றும் உறுத்துகிறது. சப்ளையரின் வங்கிக் கணக்கு எண் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகிறது. ரன் ஹிஸ்டரியைத் திறக்கும் உரிமை உள்ள எவரும் அதைத் தெளிவாகப் படிக்கலாம். ஃப்ளோவைப் பராமரிக்க உதவட்டும் என்று நான் சேர்த்த இணை உரிமையாளர்கள் எல்லாருக்கும் அது திறந்து கிடந்தது. யாரும் தவறாகப் பயன்படுத்தவில்லை. ஆனாலும் நம்மை நம்பிக் கொடுத்த எண் அது. இரண்டு சுவிட்சையும் ஆன் செய்தால் ஹிஸ்டரியில் உள்ளடக்கம் மறைந்துவிடும். மறைத்த அவுட்புட்டைப் பயன்படுத்தும் அடுத்த படியின் இன்புட்டும் தானாக மறையும். அந்தப் படியின் அவுட்புட்டை மட்டும் நாமே தனியாக மறைக்க வேண்டும். பிழை தேடும்போது இது சிரமம் தரும். அந்தச் சிரமத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃப்ளோவைக் கட்டும் திரையான டிசைனரின் புதிய வடிவத்தில் செட்டிங்ஸ் ஒரு தனி டேப். ரன் ஆஃப்டரும் அதற்குள்ளேயே வந்துவிட்டது. மூன்று புள்ளிக்குள் ஒளிந்திருந்த பழைய காலத்தைவிடக் கண்ணில் படுகிறது. நேரம் எல்லாம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடும், குறித்த நேரத்தில் ஃப்ளோவைக் கிளப்பும் ரெக்கரன்ஸ் ட்ரிகரில் நேர மண்டலத்தைக் கட்டாயம் தேர்ந்தெடுங்கள். ஒப்புதல் தருபவரின் மெயில் முகவரியைப் படிக்குள் எழுதாமல் சொல்யூஷனுக்குள் (ஃப்ளோக்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) என்விரான்மென்ட் வேரியபிளாக, அதாவது படிகளுக்கு வெளியே வைக்கும் பொது மதிப்பாக, வையுங்கள், ஆள் மாறும்போது ஓரிடத்தில் திருத்தினால் போதும். தொடர்ந்து 14 நாள் தோற்கும் ஃப்ளோவைக் கருவியே அணைத்துவிடும். அந்த அறிவிப்பு மெயில் யாருக்குப் போகிறது, அவர் படிக்கிறாரா என்று பாருங்கள்.

யாருக்கு ஏற்றது? ஏற்கெனவே ஷேர்பாயின்ட், அவுட்லுக், டீம்ஸில் வேலை செய்பவர்களுக்கு, என்னைப் போல வேலையை உள்ளும் புறமும் அறிந்தவர்களுக்கு, தயங்காமல் சொல்வேன். ஒரு வேலை நின்றால் எவ்வளவு நேரம் பொறுக்கலாம், இரண்டு முறை நடந்தால் என்ன கெடும், யார் எதைப் பார்க்கலாம் என்ற கேள்விகளுக்குக் கணக்குப் பிரிவுக்காரர்தான் பதில் சொல்ல முடியும். இந்தப் பக்கம் கேட்பதெல்லாம் அந்தக் கேள்விகளைத்தான். ஐந்துக்கு நான்கு. ஒரு புள்ளி குறைவது, இந்த அளவுகளையெல்லாம் ஒரே திரையில் பார்க்க வழி இல்லாததற்கு. ஒவ்வொரு படியாகத் திறந்து திறந்துதான் பார்க்க வேண்டும்.

அதனால் நானே ஒரு ஷேர்பாயின்ட் லிஸ்ட் வைத்திருக்கிறேன். படியின் பெயர், காலக்கெடு, ரீட்ரை, கன்கரன்சி, மறைப்பு உண்டா, இப்படி முடிவு செய்தது யார், ஏன். ‘ஏன்’ என்ற கட்டம்தான் நீளமாக இருக்கிறது. வவுச்சர் படிக்கு நேராக, “இரட்டை வவுச்சர், மந்தமான நாள், ரீட்ரை வேண்டாம்” என்று எழுதியிருக்கிறேன். ஸ்டோர்ஸ் தம்பி இப்போது தன் பிரிவுக்குச் சரக்கு வரவு ஃப்ளோ ஒன்று கட்டுகிறான். போன வாரம் அந்த லிஸ்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “அக்கா, ட்ரிகர்ல கன்கரன்சி ஆன் பண்ணா திரும்ப ஆஃப் ஆகாதுன்னு போட்டிருக்கீங்களே, அப்போ டெஸ்ட் ஃப்ளோல முதல்ல பண்ணிப் பார்க்கட்டுமா?” என்று கேட்டான். பண்ணிப் பார் என்றேன்.